ஹேவா, ஹேட்டா? அனுப்பிய ரிப்போர்ட்டை நான் திரும்ப எடுத்துக்கொண்டேனா?

தேன்சிட்டு

வணக்கம். ஆங்கிலத்தில் அலுவலக மின்னஞ்சல் எழுதியே என் நாளில் பாதி போய்விடுகிறது. இத்தனை வருடத்தில் யாரும் குறை சொன்னதில்லை. போன வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டிருந்தார். இப்படிப் பதில் போட்டேன்:

"ஐ ஹேட் சென்ட் த ரிப்போர்ட் ஆன் மண்டே."

அவரிடமிருந்து இரண்டே சொல் வந்தது: "அண்ட் தென்?" அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்கிறார். என்ன ஆகும்? அனுப்பினேன், அவ்வளவுதான். அனுப்பியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவா முடியும்?

பக்கத்து இருக்கைத் தோழியிடம் காட்டினேன். "ஹேட் போடாதே, ஹேவ் போடு" என்றாள். "ஐ ஹேவ் சென்ட் த ரிப்போர்ட் ஆன் மண்டே" என்று மாற்றி வைத்துக்கொண்டு டீம் லீடரிடம் கேட்டேன். "இதுவும் தப்பு" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குக் கிளம்பிவிட்டார். ஏன் தப்பு என்று சொல்லவில்லை.

பள்ளியில் படித்ததில் நினைவிருப்பது இவ்வளவுதான்: இப்போதுதான் முடிந்தது என்றால் ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட், அதாவது ஹேவ்; ரொம்ப நாள் முன்பே முடிந்தது என்றால் பாஸ்ட் பெர்ஃபெக்ட், அதாவது ஹேட். அப்படியானால் திங்கள்கிழமை என்பது கொஞ்ச நாளா, ரொம்ப நாளா? யாராவது புரியும்படி சொல்லுங்களேன்.

சும்மா வந்தவன்

இதில் குழம்ப என்ன இருக்கிறது? பக்கத்தில் நடந்தது ஹேவ், தூரத்தில் நடந்தது ஹேட். திங்கள்கிழமை அனுப்பி வெள்ளிக்கிழமை பேசினால் தூரம்தான், ஹேட் சரி. உங்கள் வாடிக்கையாளருக்கு வேலை இல்லை. 20 வருடமாக நான் இப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பழைய வாத்தியார்

தம்பி, நீங்கள் 20 வருடம் ஓட்டியது வண்டியின் திறமை இல்லை, எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

பக்கம், தூரம் என்ற கணக்கே இதில் கிடையாது. இரண்டு வாக்கியம் பாருங்கள்.

"டைனோசார்ஸ் ஹேவ் பீன் எக்ஸ்டிங்ட் ஃபார் 66 மில்லியன் இயர்ஸ்." டைனோசார்கள் அழிந்து சுமார் 6.6 கோடி ஆண்டு ஆகிறது. இதைவிடத் தூரம் வேண்டுமா? ஆனாலும் ஹேவ்தான்.

"வென் ஐ நாக்ட் ஃபைவ் மினிட்ஸ் அகோ, ஷி ஹேட் லெஃப்ட்." ஐந்து நிமிடம் முன்னால் நான் கதவைத் தட்டினேன், அதற்குள் அவள் கிளம்பிவிட்டிருந்தாள். ஐந்தே நிமிடம், ஆனால் ஹேட்.

எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணாதீர்கள். நீங்கள் எங்கே நின்றுகொண்டு பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். இன்றைக்கு, இந்த நிமிடத்தில் நின்றுகொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தால் ஹேவ். முடிந்துபோன ஒரு நேரத்தில் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து இன்னும் பின்னால் பார்த்தால் ஹேட். கதவைத் தட்டிய அந்த நொடியில் நான் நிற்கிறேன். அவள் கிளம்பியது எனக்குப் பின்னால் கிடக்கிறது.

இப்போது தேன்சிட்டின் வாக்கியத்துக்கு வருவோம். "ஐ ஹேட் சென்ட்" என்றதும் படிக்கிறவர் உங்களைப் பழைய காலத்தில் ஏதோ ஓரிடத்தில் நிறுத்திப் பார்க்கிறார். எந்த இடம் என்று அடுத்த வரியில் சொல்வீர்கள் எனக் காத்திருக்கிறார். நீங்கள் முற்றுப்புள்ளி வைத்துவிட்டீர்கள். "அண்ட் தென்?" என்று கேட்காமல் என்ன செய்வார்?

திங்கள்கிழமை அனுப்பினேன் என்பதற்கு "ஐ சென்ட் த ரிப்போர்ட் ஆன் மண்டே". வெறும் சிம்பிள் பாஸ்ட். ஹேவும் வேண்டாம், ஹேட்டும் வேண்டாம்.

கமா

சின்னத் திருத்தம். பறவைகளும் டைனோசார் வம்சம்தான், முழுக்க அழியவில்லை. சரி, சரி, இலக்கணத்தைத் தொடருங்கள்.

தேன்சிட்டு

வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. நிற்கும் இடம் என்றதும் ஏதோ பிடிபடுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு உறுத்தல். தமிழில் "திங்கள்கிழமை அனுப்பினேன்" என்று எழுதினால் வெட்டென்று இருக்கிறது. "திங்கள்கிழமையே அனுப்பியிருந்தேன்" என்றால் பணிவாக இருக்கிறது. அனுப்பியிருந்தேன் என்பதற்கு ஆங்கிலம் "ஐ ஹேட் சென்ட்" தானே? அதைத்தானே எழுதினேன்?

மொழிபெயர்ப்பவள்

தேன்சிட்டு, கோளாறு இருக்கும் இடம் இதுதான். இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துப் பிழைப்பு நடத்துகிறவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்திருக்கிறேன் என்றால் ஹேவ், வந்திருந்தேன் என்றால் ஹேட் என்று பள்ளியிலேயே ஜோடி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பார்க்கவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஒன்றில் "இருக்கிறேன்", நிகழ்காலம். மற்றதில் "இருந்தேன்", இறந்தகாலம். பாதி தூரம் இந்த ஜோடி நன்றாகவே கூட வரும். மீதிப் பாதியில்தான் காலை வாரிவிடும்.

முதலில் இருந்தேன். "நேற்று உங்களைப் பார்க்க வந்திருந்தேன், நீங்கள் இல்லை." இதில் இன்னொரு பழைய நிகழ்ச்சி எதற்கும் முன்னால் நான் வரவில்லை. வந்தேன், கொஞ்ச நேரம் இருந்தேன், போய்விட்டேன். வந்த நிலை இப்போது இல்லை என்பதைத்தான் அந்த "இருந்தேன்" சொல்கிறது. "அவன் ஊரிலிருந்து வந்திருக்கிறான்" என்றால் ஆள் இங்கேயே இருக்கிறான். "வந்திருந்தான்" என்றால் திரும்பிப் போய்விட்டான். தமிழ்க் காதுக்கு இது எவ்வளவு தெளிவு பாருங்கள்! ஆங்கிலத்தில் இதற்கு "ஐ கேம் டு சீ யூ எஸ்டர்டே" போதும். "ஐ ஹேட் கம் எஸ்டர்டே" என்றால் அவர்கள் வாக்கியம் முடியவில்லை என்றே நினைப்பார்கள்.

அந்த இருந்தேனுக்கு இன்னொரு வேலையும் உண்டு, ஞாபகப்படுத்துவது. "நான் அப்போதே சொல்லியிருந்தேனே!" தேன்சிட்டு பணிவு என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். உங்களுக்கும் தெரியும், மறந்திருப்பீர்கள் என்று மெதுவாகத் தொட்டுக் காட்டுகிறோம். ஆங்கில ஹேட்டுக்கு அந்த மென்மை கிடையாது. பணிவு வேண்டுமானால் வேறு சொல் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும்.

இப்போது இருக்கிறது. காலையில் கதவைத் திறக்கிறோம், தரையெல்லாம் ஈரம். "ராத்திரி மழை பெய்திருக்கிறது" என்கிறோம். நாம் பார்க்கவில்லை, ஈரத்தை வைத்து ஊகிக்கிறோம். அந்த ஊகத்தைச் சுமப்பதும் "இருக்கிறது" தான். கூடவே "ராத்திரி" என்ற காலச் சொல்லையும் தமிழ் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. இதை அப்படியே "இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்" என்றால் ஆங்கிலத்தில் நிற்காது. "இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்" என்று ஊகத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பேசாமல் "இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்".

"1998இல் அவரை ஒருமுறை பார்த்திருக்கிறேன்" என்பதும் அதே கதை. தமிழில் அனுபவமும் ஆண்டும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. ஆங்கிலத்தில் ஆண்டு வந்தால் ஹேவ் வெளியேறிவிடும்: "ஐ மெட் ஹிம் ஒன்ஸ் இன் 1998." ஆண்டைத் தூக்கிவிட்டால் ஹேவ் திரும்ப வரும்: "ஐ ஹேவ் மெட் ஹிம் ஒன்ஸ்."

உங்கள் தோழி சொன்ன ஹேவ் ஏன் தப்பு என்பதற்கும் இதுதான் பதில். "ஆன் மண்டே" என்ற இரண்டு சொல்தான் வில்லன். அதை எடுத்துவிட்டால் "ஐ ஹேவ் சென்ட் த ரிப்போர்ட்" பிரமாதமான வாக்கியம். ரிப்போர்ட் உங்கள் கையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

அரைகுறை

அக்கா எழுதியதை மூன்று தடவை படித்தேன். ஒரு சந்தேகம். எஸ்டர்டே, ஆன் மண்டே, அட் சிக்ஸ் எல்லாம் ஹேவோடு சேராது, ஒத்துக்கொள்கிறேன். ஹேட்டோடு மட்டும் எப்படிச் சேருகிறது? "ஹி ஹேட் லெஃப்ட் அட் சிக்ஸ்" என்று நிறையப் பார்க்கிறோமே. ஒரு குடும்பத்துப் பிள்ளைகள், ஒருவருக்கு மட்டும் ஏன் தடை?

பழைய வாத்தியார்

அரைகுறை என்று பெயர் வைத்துக்கொண்டு நல்ல கேள்வி கேட்கிறீர்கள். மொழியியலாளர்களே இதைப் புதிர் என்றுதான் சொல்கிறார்கள். வுல்ஃப்காங் க்ளைன் என்பவர் 1992இல் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பே ப்ரெசென்ட் பெர்ஃபெக்ட் புதிர் என்பதுதான்.

எனக்குப் பிடித்த விளக்கம் அதற்கும் முந்தியது. ஹான்ஸ் ரைஷென்பாஹ் என்ற தத்துவவாதி 1947இல் சொன்னது. எந்த வினைச்சொல்லுக்கும் இரண்டு நேரம் போதாது, மூன்று வேண்டும் என்றார். பேசும் நேரம் ஒன்று. காரியம் நடந்த நேரம் ஒன்று. எங்கிருந்து பார்க்கிறோம் என்ற நேரம் ஒன்று. நான் முன்னால் நிற்கும் இடம் என்று சொன்னது இந்த மூன்றாவதைத்தான், என் சொந்தச் சரக்கு இல்லை.

சிம்பிள் பாஸ்டில் பார்க்கும் நேரமும் நடந்த நேரமும் ஒன்று, பேசும் நேரம் மட்டும் தள்ளி இருக்கிறது. ஹேவில் பார்க்கும் நேரம் பேசும் நேரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹேட்டில் மூன்றும் தனித்தனி: நடந்தது முதலில், பார்ப்பது அதற்குப் பின், பேசுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

இனி "அட் சிக்ஸ்" என்ற சொல் வருகிறது. முடிந்துபோன ஆறு மணி. நம் பார்வையை அந்த நேரத்துக்கு இழுக்கிறது. ஹேவில் பார்வை இப்போது என்ற ஆணியில் அடிக்கப்பட்டிருக்கிறது, நகராது. அதனால் மோதல். ஹேட்டில் பார்வை ஏற்கனவே பழைய காலத்தில்தான் உலாவுகிறது, ஆறு மணிக்கு அங்கே இடம் தாராளம். தாராளம் கொஞ்சம் அதிகமாகிப் போய் இரட்டை அர்த்தமும் வந்துவிடுகிறது. "ஹி ஹேட் லெஃப்ட் அட் சிக்ஸ்" என்றால் ஆறு மணிக்குக் கிளம்பினான் என்றும் கொள்ளலாம், ஆறு மணிக்குப் பார்த்தபோது ஆள் கிளம்பிவிட்டிருந்தான் என்றும் கொள்ளலாம். தமிழில் "ஆறு மணிக்கெல்லாம்" என்று ஒரு "எல்லாம்" போட்டுப் பிரித்துவிடுவோம்.

சும்மா வந்தவன்

ஒரு மின்னஞ்சல் அனுப்ப 1947 வரை போக வேண்டுமா? தலை சுற்றுகிறது. ஜெர்மன்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இப்படியா அவதிப்படுகிறார்கள்?

பழைய வாத்தியார்

இந்த விஷயத்தில் இல்லை. ஜெர்மனிலும் பேச்சு பிரெஞ்சிலும் ஹேவ் போன்ற வடிவத்தோடு நேற்று என்ற சொல்லைத் தாராளமாகச் சேர்க்கலாம். பேச்சு பிரெஞ்சில் அந்த வடிவம் சிம்பிள் பாஸ்டையே விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டது. இந்தத் தடை ஆங்கிலத்தின் பிடிவாதம், உலக நியதி இல்லை.

வந்ததுதான் வந்தீர்கள், ஒன்றைக் கேட்டுவிட்டுப் போங்கள். ஹேவ் என்றால் வைத்திருத்தல். அதற்கும் காலத்துக்கும் என்ன உறவு? பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நிலையில் கடிதம் என்னிடம் இருக்கிறது என்கிற மாதிரிதான் இது தொடங்கியது. "ஐ ஹேவ் த லெட்டர் ரிட்டன்." கடிதம் கையில் இருக்கிறது, எழுதி முடித்த கடிதம். நாளாவட்டத்தில் சொற்கள் இடம் மாறி "ஐ ஹேவ் ரிட்டன் த லெட்டர்" ஆயிற்று. கையில் வைத்திருப்பது கரைந்துபோய், எழுதி முடித்தது மட்டும் மிஞ்சியது. போதல், வருதல் மாதிரி வினைகளுக்கு அந்தக் காலத்தில் ஹேவ் கிடையாது, "ஹி இஸ் கம்" என்றே சொன்னார்கள். வந்து இருக்கிறான்! நம் ஆள் மாதிரியே பேசியிருக்கிறான் பாருங்கள். நாம் எல்லாவற்றுக்கும் "இரு" என்று நின்றுவிட்டோம், அவர்கள் எல்லாவற்றையும் "வைத்திரு" பக்கம் தள்ளிவிட்டார்கள். "ஹி இஸ் கான்" மட்டும் அந்தக் காலத்து மிச்சமாக இன்னும் திரிகிறது.

நள்ளிரவு வாசகன்

தூக்கம் வராமல் வந்தேன், சுவாரசியமாக இருக்கிறது. நான் செய்தி மொழிபெயர்ப்பில் இருந்தவன். ஆங்கிலச் செய்தியின் முதல் வரியையும் இரண்டாம் வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள், நீங்கள் பேசுவது அப்படியே தெரியும். முதல் வரி "த மினிஸ்டர் ஹேஸ் ரிசைன்ட்". பதவி விலகிவிட்டார், இப்போதைய நிலவரம் இது. அடுத்த வரியிலேயே "ஹி சப்மிட்டட் ஹிஸ் லெட்டர் திஸ் மார்னிங்". நேரம், இடம், விவரம் என்று இறங்கியதும் ஹேஸ் காணாமல் போய்விடும். மூன்றாம் வரியில் "ஹி ஹேட் ஹெல்ட் த போஸ்ட் ஃபார் த்ரீ இயர்ஸ்". விலகிய நொடியில் நின்று பின்னால் பார்க்கிறார்கள். மூன்று வரியில் மூன்றும்.

"திஸ் மார்னிங்" என்பது ஒரு குறும்புக்காரச் சொல். காலை இன்னும் முடியவில்லை என்றால் "ஐ ஹேவ் ரெட் த்ரீ ஃபைல்ஸ் திஸ் மார்னிங்" என்று ஹேவ் வரும், இன்னும் படிக்க நேரம் இருக்கிறது. மதியத்துக்கு மேல் அதே ஆள் அதே மூன்று ஃபைலைப் பற்றி "ஐ ரெட் த்ரீ ஃபைல்ஸ் திஸ் மார்னிங்" என்றுதான் சொல்வார். காலை பூட்டப்பட்டுவிட்டது.

ஆளும் முடிந்துபோகலாம். "ஐன்ஸ்டைன் ஹேஸ் லிவ்ட் இன் ப்ரின்ஸ்டன்" என்றால் ஆங்கிலக் காதுக்கு இடிக்கும். அவர் 1955இல் இறந்துவிட்டார், இனி எங்கும் வசிக்க முடியாது. உயிரோடு இருப்பவரைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியும். மொழிபெயர்ப்பில் ஒரு முறை, காலமான ஒருவருக்கு ஹேஸ் போட்டு அனுப்பிவிட்டேன். "இவர் எப்போது பிழைத்தார்?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார் எங்கள் ஆசிரியர்.

கமா

இடையில் புகுந்து ஒரு பஞ்சாயத்து. "ஐ ஆல்ரெடி சென்ட் இட்", "டிட் யூ ஃபினிஷ் யெட்?" இதெல்லாம் தப்பு, ஆல்ரெடி, யெட், ஜஸ்ட் மூன்றும் வந்தால் ஹேவ் கட்டாயம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் அமெரிக்கக் கிளையில் எல்லாரும் ஹேவ் இல்லாமல்தான் பேசுகிறார்கள்.

மொழிபெயர்ப்பவள்

அமெரிக்கப் பேச்சில் அது சாதாரணம், தப்பில்லை. பிரிட்டிஷ் வழக்கில் ஹேவ் எதிர்பார்ப்பார்கள். யாருக்கு எழுதுகிறோம் என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அரைகுறை

எனக்குப் போட்டித் தேர்வு வருகிறது. எங்கள் பயிற்சி வகுப்பில் ஒரே விதிதான்: இரண்டு நிகழ்ச்சி வந்தால் முதலில் நடந்ததற்கு ஹேட், அடுத்ததற்கு சிம்பிள் பாஸ்ட். கண்ணை மூடிக்கொண்டு போடலாமா?

மொழிபெயர்ப்பவள்

தேர்வில் போடுங்கள், மதிப்பெண் வரும். எழுதும்போது கண்ணைத் திறந்துகொள்ளுங்கள்.

"ஹி ஓபன்ட் த டோர், லுக்ட் இன்சைட் அண்ட் க்ளோஸ்ட் இட்." மூன்று நிகழ்ச்சி, ஒரு ஹேட்டும் இல்லை. நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனால் ஹேட்டுக்கு வேலையே கிடையாது. வரிசையைக் குலைக்கும்போதுதான் அது தேவை. ஆஃப்டர், பிஃபோர் இருந்தால் எது முன், எது பின் என்று அந்தச் சொல்லே காட்டிவிடும். "ஆஃப்டர் ஹி லெஃப்ட், ஐ கால்ட் ஹர்" சரி, "ஆஃப்டர் ஹி ஹேட் லெஃப்ட்" என்பதும் சரி.

வென் வரும்போதுதான் ஆபத்து. "வென் ஐ கேம் இன், ஷி ஸ்டாப்ட் டாக்கிங்." நான் நுழைந்தேன், உடனே பேச்சை நிறுத்தினாள். என்னைப் பார்த்துத்தான் நிறுத்தினாள், ஏதோ என்னைப் பற்றிப் பேச்சு. "வென் ஐ கேம் இன், ஷி ஹேட் ஸ்டாப்ட் டாக்கிங்." நான் நுழையும் முன்பே நிறுத்திவிட்டிருந்தாள். எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு ஹேட்டை வைத்து ஒரு பிரிவையே ஏற்படுத்தலாம், தடுக்கவும் செய்யலாம்.

நள்ளிரவு வாசகன்

கதை எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. ஒரு பாத்திரம் பழையதை நினைத்துப் பார்க்கிறது, இரண்டு பக்கம். விதிப்படி போனால் இரண்டு பக்கமும் ஹேட் ஹேட் என்று விக்கிக்கொண்டே இருக்கும். நல்ல எழுத்தில் என்ன செய்வார்கள் என்றால் வாசலில் மட்டும் ஒன்றோ இரண்டோ ஹேட் வைப்பார்கள். உள்ளே போனதும் சாதாரண இறந்தகாலம். வெளியே வரும்போது ஒரு "நவ்". நான் சும்மா எழுதிப் பார்த்த ஒரு துண்டு:

"ஷி ஓபன்ட் த ட்ராயர். த லெட்டர்ஸ் வேர் கான். ஷி ஹேட் டைட் தெம் வித் எ ரெட் த்ரெட் ஒன் விண்டர், அண்ட் ஹர் பிரதர் ஹேட் லாஃப்ட். ஹி செட் நோபடி ரெட் லெட்டர்ஸ் எனிமோர். ஹி புல்ட் ஒன் அவுட் அண்ட் ரெட் இட் அலவுட். நவ் ஒன்லி த த்ரெட் வாஸ் தேர்."

கட்டியதற்கும் சிரித்ததற்கும் ஹேட். சொன்னான், உருவினான், சத்தமாகப் படித்தான் மூன்றுக்கும் இல்லை. ஆனாலும் அவை அந்தக் குளிர்காலத்தில் நடந்தவை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

தேன்சிட்டு

எல்லாருக்கும் நன்றி. வாரக் கடைசி முழுக்க இதே யோசனை. நாளைக்கு அதே வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய மின்னஞ்சல் இது. தயவுதாட்சண்யம் இல்லாமல் திருத்துங்கள்.

"ஐ ஹேட் அட்டாச்ட் த நியூ ரிப்போர்ட் ஹியர். ஆஸ் ஐ ஹேட் மென்ஷன்ட் இன் லாஸ்ட் வீக்ஸ் கால், வீ ஹேவ் டெஸ்டட் இட் ஆன் வெட்னஸ்டே. த டீம் இஸ் வொர்க்கிங் ஆன் திஸ் சின்ஸ் டூ வீக்ஸ். வென் வீ செக்ட் த சர்வர், சம்படி டிலீடட் த ஓல்ட் ஃபைல்."

மொழிபெயர்ப்பவள்

முதல் வரி: ரிப்போர்ட் இதோ இந்த மின்னஞ்சலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் "ஐ ஹேவ் அட்டாச்ட்". ஹேட் போட்டால் முன்பு இணைத்திருந்தேன், இப்போது இல்லை என்கிற தொனி வரும். மறுபடியும் "அண்ட் தென்?" வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

அடுத்தது "ஆஸ் ஐ மென்ஷன்ட் இன் லாஸ்ட் வீக்ஸ் கால்". போன வாரம் என்று சொல்லிவிட்டீர்கள், சிம்பிள் பாஸ்ட் போதும். நம் ஊர் அலுவலக மின்னஞ்சல்களில் இந்த "ஆஸ் ஐ ஹேட் மென்ஷன்ட்" இல்லாத நாளே கிடையாது. எல்லாம் அந்தச் "சொல்லியிருந்தேனே"வின் வேலை. புதன்கிழமைக்கும் அதேதான், "வீ டெஸ்டட்".

டீம் இரண்டு வாரமாக வேலை செய்வதில் தமிழ் குறுக்கே நிற்கிறது. நாம் "இரண்டு வாரமாக வேலை செய்கிறோம்" என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுவோம். அன்று தொடங்கி இன்றுவரை நீளுகிற எதற்கும் ஆங்கிலம் ஹேவ் கேட்கும்: "த டீம் ஹேஸ் பீன் வொர்க்கிங் ஆன் திஸ் ஃபார் டூ வீக்ஸ்." தொடங்கிய புள்ளிக்குத்தான் சின்ஸ், நீளத்துக்கு ஃபார்.

கடைசி வரிதான் வேடிக்கை. மின்னஞ்சல் முழுக்கத் தேவையில்லாத இடத்தில் ஹேட்டை இறைத்துவிட்டு, கட்டாயம் வேண்டிய ஒரே இடத்தில் விட்டுவிட்டீர்கள். நீங்கள் எழுதியபடி படித்தால், நீங்கள் சர்வரைப் பார்க்கப் பார்க்க யாரோ ஃபைலை அழித்தார்கள், நீங்கள் வேடிக்கை பார்த்தீர்கள். "வென் வீ செக்ட் த சர்வர், சம்படி ஹேட் டிலீடட் த ஓல்ட் ஃபைல்." பார்க்கும் முன்பே அழித்திருந்தார்கள். உங்கள் மேல் பழி வராமல் காப்பாற்றுவது அந்த ஹேட் ஒன்றுதான்.

சும்மா வந்தவன்

ஒத்துக்கொள்கிறேன், என் 20 வருடம் வீண். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். "ஐ ஹேட் ஹேட் எனஃப்" என்று ஒருவர் எழுதியிருந்தார். தட்டச்சுப் பிழை என்று ஒரு ஹேட்டை அழித்துக் கொடுத்தேன். சரிதானே?

பழைய வாத்தியார்

இல்லை தம்பி. முதல் ஹேட் துணைவினை, இரண்டாவது வினை. இரண்டும் வேண்டும். அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அழித்ததைத் திருப்பிக் கொடுங்கள்.

தேன்சிட்டு

திருத்தியதை அனுப்பிவிட்டேன். "தேங்க்ஸ், கிளியர்" என்று பதில் வந்தது. ரொம்ப சந்தோஷம். ஆனால் இன்று காலை அவரே இன்னொன்று அனுப்பியிருக்கிறார். அடுத்த ரிப்போர்ட் பற்றி. "ஐ ஹேட் ஹோப்ட் டு கெட் இட் பை ஃப்ரைடே." முற்றுப்புள்ளி. இதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை. இப்போது நான் கேட்கலாமா, "அண்ட் தென்?" என்று?

மொழிபெயர்ப்பவள்

கேட்டுவிடாதீர்கள்! ஹோப், வான்ட், ப்ளான், இன்டென்ட் மாதிரி வினைகளோடு ஹேட் தனியாக வந்தாலே நினைத்தது நடக்கவில்லை என்று அர்த்தம். வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன், கிடைக்கவில்லை என்று நாசூக்காகச் சொல்கிறார். அதற்கு அடுத்த வரி அவர் எழுத மாட்டார், நீங்கள்தான் எழுத வேண்டும்.

ரிப்போர்ட் அனுப்பியாயிற்றா?

தேன்சிட்டு

இல்லை. இதோ போகிறேன்.